கனிஷாய் பரிந்துரைக்கிறாள்

என் பெயருக்குக் கீழே அரைகுறை உடையில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். கிராம நிர்வாக அலுவலகத்தில், பட்டப்பகலில், பூருல் அக்காவின் மேசைக் கம்ப்யூட்டரில். திரையின் உச்சியில் பச்சையாக ஒரு பட்டை. அதில் கொட்டை எழுத்தில் ‘கனிஷாய் பரிந்துரைக்கிறாள்’ என்று இருந்தது. கனிஷாய் நான்தான். கரா-தால் சந்தையில் மூன்றாவது வரிசை, நீலக் கண்டெய்னர் கடை, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள்.

“நல்லாப் பாத்துக்கோ,” என்றாள் பூருல் அக்கா. ஊரின் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்கிறவள். வாய் நீளம், மனசு சுத்தம். “காலைலேர்ந்து நீ எனக்கு மூணு மாப்பிள்ளை, ஒரு சூதாட்டக் கடை, ஆம்பளைங்க மாத்திரை எல்லாம் பரிந்துரைச்சிருக்க. என் வீட்டுக்காரர் போய் ஒம்போது வருஷமாச்சுடி. மாத்திரையை நான் யாருக்குக் குடுக்க?”

“இது நான் பண்ணினது இல்லக்கா.”

“எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரில, தபால் ஆபீஸ்ல, எங்க பாத்தாலும் உன் பேரு, பக்கத்துல ஒரு அம்மணக்குண்டி. புருஷன் வீட்லேர்ந்து திரும்பி வந்தவ எப்படிப் பொழைக்கறான்னு இப்பதான் புரியுதுன்னு பேசிக்கறாங்க.”

எனக்குக் காது சுட்டது. யார் பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்டியலே கொடுத்திருப்பாள்.

நடந்தது இதுதான். எங்கள் மொழிக்கென்றே தனியாக மூன்று எழுத்துகள் உண்டு. கடையில் விற்கும் கீபோர்டுகளில் அவை இருப்பதில்லை, எல்லாம் ரஷ்ய எழுத்துகளுக்காகச் செய்தவை. ஆகவே ஊரில் எல்லோரும் தங்கள் பெயரையே தப்பாக அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு குளிர்காலம் முழுக்க கண்டெய்னரில் மின்அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த மூன்று எழுத்தும் வரும். ‘கனிஷாய் எழுத்துகள்’ என்று பெயர் வைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் பென் டிரைவில் போட்டு சும்மா கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. இன்னொன்று கல்யாணம், அது இரண்டே வருடத்தில் பழுதாகிவிட்டது.

மெதெரும் ஒரு நகல் கேட்டான். என்னோடு படித்தவன். இன்டர்நெட் கிளப் வைத்திருந்தான், பாட்டும் பரீட்சைத் தாளும் இறக்கிக்கொள்ள ஒரு வலைத்தளமும் நடத்தினான். “மலை மேல இருக்கற ஊருங்களுக்கும் போய்ச் சேரட்டும், என் தளத்துல போடறேன்,” என்றான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு கொடுத்தேன். அதற்குப் பிறகு ஊரிலும் எல்லோரும் அங்கிருந்துதான் இறக்கிக்கொண்டார்கள். கோடையில் வலப்பக்கம் ஸ்டீயரிங் வைத்த ஜப்பான் கார் ஒன்று வாங்கினான். இலையுதிர் காலத்தில் என் பெயர் நாற ஆரம்பித்தது.

பூருல் அக்காவை நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். புரோகிராம் பட்டியலைத் திறந்தால் ‘வானிலை உதவியாளன்’, ‘விலை ஆலோசகன்’, ‘இசைத் தோழன்’ என்று ஒரு கும்பலே குடியிருந்தது. ஒவ்வொன்றாக நீக்கினேன். நீக்கு என்றவுடன் சோகமாய் ஒரு நாய்க்குட்டிப் படம் வந்து, ‘நிஜமாகவே எங்களைப் பிரிகிறீர்களா?’ என்று கேட்டது. ‘வைத்துக்கொள்’ என்பது பெரிய பச்சைப் பொத்தான். ‘நீக்கு’ என்பது கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்து. பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றினேன். திரையில் இருந்த பிரவுசர் குறியீட்டின் முகவரிக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டியிருந்தது, அதையும் வெட்டினேன். மெஷினை அணைத்துப் போட்டேன்.

மெஷின் எழுந்ததும் பச்சைப் பட்டை மறுபடியும் வந்தது. கனிஷாய் இந்த முறை ஒரு ஜோசியக்காரியைப் பரிந்துரைத்தாள்.

“செத்தவங்களைக்கூட நான் ஒரு தடவைதான் எழுதறேன்,” என்றாள் பூருல் அக்கா.

நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர உள்ளே யாரோ ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் தானாகச் செய்யவேண்டிய வேலைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. ஜனங்கள் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்தேன். நடுவில் ஒரு வேலை: மெஷின் எழும்போதெல்லாம், தினமும் நண்பகலிலும், இன்ன இடத்துக்குப் போய் இன்னின்னதைத் திரும்பக் கொண்டுவந்து வை. அந்த வரியின் கடைசியில், இதற்கான கூலி யாருக்குப் போகவேண்டும் என்றும் எழுதியிருந்தது.

கூட்டாளி: ஜான்போத்தோ7.

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். எங்கள் வகுப்பில் திங்கள்கிழமை தோறும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தங்கள் ஏழு அப்பாக்களின் பெயரை, அதாவது அப்பா தொடங்கி மேலே ஏழு தலைமுறையின் பெயரை, சொல்லவேண்டும். தன் ஏழு அப்பாக்களைச் சொல்லத் தெரியாதவன் எங்களிடையே அனாதைக்குச் சமம். அடுத்த பெஞ்சில் மெதெர் எழுந்து கடகடவென்று சொல்வான். பக்தியார், ஓமுர்ஸாக், சாதிர், கல்பாய், தோலுபாய், சஸான், ஜான்போத்தோ. ஏழாவது அப்பா ஜான்போத்தோ. ஊரில் பாதிப் பேரின் பாஸ்வேர்டு ஏழாவது அப்பாவின் பெயர்தான், அது எனக்குத் தொழில் ரகசியம். மறக்க முடியாத பெயர், வெளியூரான் கண்டுபிடிக்க முடியாத பெயர். ஆனால் நான் வெளியூராள் இல்லை.

“யாருன்னு தெரிஞ்சுதா?” என்றாள் பூருல் அக்கா.

“தெரிஞ்சுது.”

“சொல்லித் தொலையேன்.”

“சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கா.”

சனிக்கிழமை எனக்கு ஏற்கெனவே ஒரு சந்திப்பு இருந்தது. என்னைச் சபிப்பதாக இருந்தார்கள்.

ஓமுர்ஸாக் அக்சகால் மெதெரின் தாத்தா. அக்சகால் என்றால் வெள்ளைத்தாடி, பெரியவர்; கரா-தாலில் அது அவரைத்தான் குறிக்கும். ஊரின் வம்சாவளி முழுவதையும், எங்கள் பேச்சில் சஞ்சிரா என்பதை, ஆறு வருடமாக ஒற்றை விரலால் லேப்டாப்பில் அடித்து முடித்திருந்தார். கடைசிச் சில மாதங்கள் என் எழுத்துகளால்தான் அடித்தார். முந்தின வாரம் மெதெருக்குப் பேசிய பெண் வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஏழு தலைமுறைக்குள் இரண்டு குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் இல்லை என்று காட்ட, அக்சகால் லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். சம்பந்தி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கிறாள். கனிஷாய் ஏதோ பரிந்துரைத்திருக்கிறாள். என்ன படம் என்று கடைசிவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் சம்பந்தி வீட்டார் தேநீரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

“எல்லாம் அந்தக் கனிஷாய் வேலை, தாத்தா,” என்று மெதெர் சொல்லியிருக்கிறான். பட்டையில் என் பெயர் இருக்கிறதே, சாட்சிக்கு வேறென்ன வேண்டும்.

கிழவர் அன்றே அறிவித்துவிட்டார். சஞ்சிரா முடிந்ததற்குச் சனிக்கிழமை ஊர்க் கிளப் மண்டபத்தில் விருந்து. விருந்துக்கு முன்னால், ஊரைக் கூட்டிவைத்து, இதைச் செய்தவள்மேல் கையைத் திருப்புவார்.

உள்ளங்கை மேலே பார்த்தால் வாழ்த்து. புறங்கையை மேலே திருப்பினால் சாபம். அது செய்தவனோடு நிற்காது, பிறக்காத பிள்ளைகள்மேலும் போகும். என் அம்மா கேள்விப்பட்டதிலிருந்து சாப்பிடவில்லை.

“நேராப் போயி அவர்கிட்ட பேசுடி,” என்றாள். “ரகசியமாப் பேசு. பெரியவங்க மானம் போகாம முடிச்சுடு. உன் கோவத்தை அங்க காட்டாத.”

புதன்கிழமை போனேன். நிஜமாகவே ரகசியமாகத்தான் முடிக்க நினைத்தேன். காதோடு பெயரைச் சொல்லிவிட்டு, மெஷினைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு வருவது என்று திட்டம். கதவைத் தட்டினேன். கிழவரே வந்தார்.

“அக்சகால், உங்க லேப்டாப்பை ஒரு தடவை பாக்க விடுங்க. யார் பண்ணினதுன்னு காட்டறேன்.”

“இல்ல,” என்றார்.

“பத்தே நிமிஷம்.”

“இல்லன்னு சொன்னேன். என் வீட்டுப் படியில நிக்காத. பொண்ணுங்க இருக்கற வீடு.”

கதவு சாத்திக்கொண்டது. தெருவில் கம்பளம் விற்கிறவள் நின்று வேடிக்கை பார்த்தாள். எங்கள் ஊரில் கதவைத் தட்டினவன் திருடனாகவே இருந்தாலும் ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டுத்தான் அனுப்புவார்கள். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் அழுதேன், பிறகு அழுகை நின்று வேறொன்று வந்தது. ரகசியமாய் முடிக்கிற எண்ணத்தை அந்தத் தெருவிலேயே விட்டுவிட்டேன். மெதெரின் பெயரை என் வாயால் சொல்லப்போவதில்லை. கிழவரின் வாயாலேயே சொல்லவைப்பேன், ஊர் பார்க்க.

சனிக்கிழமை நண்பகல். கிளப் மண்டபத்துச் சன்னல்களுக்கெல்லாம் கம்பளி மாட்டி இருட்டாக்கியிருந்தார்கள். மேடையில் வெள்ளைத் துணி. வம்சாவளியை ஊர் முழுக்கப் பார்க்கவேண்டும் என்று மெதெர்தான் புரொஜெக்டர் கொண்டுவந்து லேப்டாப்போடு இணைத்திருந்தான். அவன் உதவி இல்லாமல் எனக்கு அந்த நாள் இவ்வளவு சிறப்பாக அமைந்திருக்காது. நீள மேசைகளில் இறைச்சியும் பூர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுக் குவியலும் தேநீரும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். அக்சகால் மேடையில் மெஷினுக்குப் பக்கத்தில், தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி, மார்பில் பழைய பதக்கங்கள்.

துணியில் பெயர்கள் கிளைகிளையாக விரிந்திருந்தன. ஜனங்கள் தங்கள் பெயரைக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது துணியின் மூலையில் குட்டிச் சன்னல் ஒன்று எழும்பியது. கனிஷாய் பரிந்துரைக்கிறாள். தோள் தெரிய ஒரு பெண், ஆள் உயரத்துக்கு. பெண்கள் பக்கம் முக்காடுகள் முகத்துக்கு ஏறின.

“பாத்தீங்களா?” என்று அக்சகால் எழுந்தார். “என் அப்பன் பாட்டன் பேருக்கு மேல. எல்லாரும் கையை நீட்டுங்க.”

கைகள் நீண்டன. நான் உள்ளே நுழைந்தேன். வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருந்த ரொட்டியைப் பிய்த்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்றேன்.

“இவளை யாருடா கூப்பிட்டது?” என்றார் மெதெரின் அப்பா பக்தியார்.

“யாரும் கூப்பிடல, மாமா. ஆனா ரொட்டி தின்னுட்டேன். இனி நான் விருந்தாளி.”

ரொட்டி தின்றவளைத் தள்ள முடியாது. பக்தியார் மீசையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்ன கனிஷாய், நேர்லயே பரிந்துரைக்க வந்துட்டியா?” என்றான் மெதெர். இளைஞர்கள் கூட்டம் சிரித்தது.

“ஆமாண்டா. நல்ல சரக்கு ஒண்ணு இருக்கு. கொஞ்சம் பொறு.”

நேராக மேடைக்குப் போனேன். “அக்சகால், கையைத் திருப்பறதுக்கு முன்னால இந்த மெஷினை எல்லார் கண்ணு முன்னாலயும் சுத்தம் பண்றேன். குத்தம் என் பேர்ல இருந்தா, இங்கயே நிக்கறேன், திருப்புங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கு வேடிக்கை வேண்டியிருந்தது. “பண்ணட்டுமே!” என்று பெண்கள் பக்கமிருந்து பூருல் அக்கா கத்தினாள். கிழவர் நாற்காலியை விட்டு நகர்ந்தார்.

நான் எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் மறு வேலை. பென் டிரைவைச் செருகி சஞ்சிராவை நகலெடுத்துக்கொண்டேன். பிறகு புரோகிராம் பட்டியலைத் திறந்தேன். வெள்ளைத் துணியில் அது கூரையிலிருந்து தரைவரை இறங்கியது. நீக்கவேண்டியவை மட்டும் பதினேழு.

“பதினேழா!” என்றேன். “அக்சகால், இவ்வளவு பேரை எப்படி உள்ள விட்டீங்க?”

“சன்னல் வந்து ‘அனுமதிப்பீர்களா’ன்னு மரியாதையாக் கேக்குது,” என்றார் கிழவர் விறைப்பாக. “கேட்டு வந்தவங்களை வாசல்ல நிறுத்தி ‘இல்ல’ன்னு சொல்ற பழக்கம் எங்க வம்சத்துல கிடையாது. எல்லாத்துக்கும் ‘சரி’தான் அழுத்துவேன்.”

பாதிப் பேர் தலையாட்டினார்கள், அவர்களும் அப்படித்தான் போலிருக்கிறது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். பதினேழு கழிசடைகளுக்குச் ‘சரி’ சொன்ன வாய், புதன்கிழமை எனக்கு மட்டும் ‘இல்ல’ சொன்னது. அதை நான் அங்கே சொல்லவில்லை. உள்ளே வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து நீக்கினேன். வானிலை உதவியாளன். விலை ஆலோசகன். இசைத் தோழன். எடை குறைப்பு நண்பன். ஒவ்வொன்று போகும்போதும் நாய்க்குட்டி வந்து அழுதது, இளைஞர்கள் நாய்க்கு விடை கொடுத்தார்கள். பதினேழும் முடிந்தபோது பெண்கள் பக்கம் கைதட்டினார்கள். மெஷினை அணைத்துப் போட்டேன்.

பதினேழும் திரும்பி வந்தன. மேலே பச்சைப் பட்டை. கனிஷாய் பரிந்துரைக்கிறாள்.

“அவ்வளவுதான் இவ வேலை!” மெதெர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “தாத்தா, இதையேதான் நானும் மூணு தடவை எடுத்தேன், திரும்பி வருது. பண்ணினவளுக்கே எடுக்கத் தெரியல.”

நான் சிரித்தேன். எனக்கு அவன் அதைச் சொல்லவேண்டியிருந்தது. யாரோ வெளிநாட்டான் செய்து வைத்த விளம்பர உறையை வாங்கி என் எழுத்துகளுக்கு மாட்டிவிட்டவன் அவன். உள்ளே விட மட்டும் தெரியும், வெளியே அனுப்பத் தெரியாது.

“உக்காரு மெதெர். வேலை இன்னும் முடியல,” என்றேன். “எல்லாரும் கேளுங்க. இந்தப் பதினேழையும் வெளிய தள்ளினா, பின்வாசல் வழியா திரும்பக் கூட்டிட்டு வர்றதுக்குன்னே ஒருத்தன் உள்ள இருக்கான். அவனை அனுப்பினவங்க பேரு அவன் சட்டைப் பையிலேயே இருக்கும். ஏன்னா அந்தப் பேருக்குத்தான் கூலி போகுது. உங்க ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டருக்கும் ஒரு கூலி.”

மறைந்திருந்த வேலைப் பட்டியலைத் திறந்தேன். அந்த வரியை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன், துணி முழுக்க அது ஒன்றுதான் இருந்தது.

“அக்சகால், நீங்களே படிங்க. நான் படிச்சா மாத்திப் படிச்சேன்னு சொல்லுவாங்க.”

கிழவர் கண்ணாடியை மாட்டினார். “கூட்டாளி,” என்று படித்தார். “ஜான்போத்தோ.” நிறுத்தினார். “ஏழு.”

மெதெர் உட்காரவில்லை, நிற்கவுமில்லை, நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் நான்கு நாள் உயிரோடு இருந்தேன்.

“ஜான்போத்தோன்னா யாரு, அக்சகால்?” என்றேன், தெரியாதவளைப் போல.

“என் அஞ்சாவது அப்பா.”

“அஞ்சுன்னு இல்லையே. ஏழுன்னு இருக்கு. அவரை ஏழாவதா எண்ணறது யாரு?”

கிழவர் துணியில் இருந்த பெயரை மறுபடி பார்த்தார். அவர் வேறு எதிலும் பொய் சொல்லக்கூடியவராக இருக்கலாம், சஞ்சிராவில் முடியாது. பக்தியார் குறுக்கே பாய்ந்தார். “அப்பா! ஜான்போத்தோவை ஏழாவதா எண்ணறவங்க நம்ம ஊர்ல பதினோரு பேர் இருக்காங்க!”

“பதினோரு பேர்தான்,” என்றார் அக்சகால் மெதுவாக. விரலை மடக்கினார். “நாலு பேரு ரஷ்யாவுல செங்கல் தூக்கறாங்க. அஞ்சு பேரு மலை மேல ஆட்டோட இருக்காங்க. ஒருத்தனுக்கு ரெண்டு வயசு.” பத்து விரலும் மடங்கிவிட்டது. பதினோராவதற்கு விரல் இல்லை. அவர் பேரனைப் பார்த்தார்.

“தாத்தா, இது எல்லாரும் பண்றதுதான்,” என்றான் மெதெர். “இன்ஸ்டால் பண்றப்பவே கீழ சின்னதா டிக் இருக்கு. வேணாம்னா எடுத்துடலாம்…”

“எனக்கு இன்ஸ்டால் பண்ணிக் குடுத்தது நீதானே. அந்த டிக்கைக் காட்டினியா?”

மெதெர் வாசல் பக்கம் பார்த்தான்.

“எல்லாம் இந்தக் கனிஷாய் வேலைன்னு சொன்னியே, அப்பவாவது உண்மையைச் சொன்னியா?”

“கையைத் திருப்புங்க!” என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். அது என் அம்மா. அவள் அங்கே வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

கிழவர் தன் இரு கைகளையும் பார்த்தார். “திருப்பினா இவனோட நிக்காது,” என்றார். “இவனுக்குப் பொறக்கப்போறதுங்க மேலயும் விழும். அதுங்க என்ன பண்ணிச்சு? ஆனா வாக்குக் குடுத்துட்டேன், சும்மா விடமுடியாது.” மேசையிலிருந்த ரொட்டியை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். “இவன் பேரை சஞ்சிராலேர்ந்து எடுக்கறேன். இனிமே என் கையால இந்தப் பேரை எழுதினா, இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்.”

அவர் ஒற்றை விரலால் பக்கங்களை நகர்த்திக்கொண்டு போனார். துணியில் பெயர்கள் ஓடின. பக்தியார் என்ற பெயருக்குக் கீழே வந்து நின்றது. அங்கே ‘மெதெர்’ என்று இருந்தது. எங்கள் எழுத்தில் அந்தப் பெயருக்கு ஐந்து எழுத்து; அழிக்கும் பொத்தானை ஐந்து முறை அழுத்தினார், ஒவ்வொரு எழுத்தாய்ப் போனது. பிறகு கோப்பை மூடினார். சன்னல் ஒன்று எழும்பியது: மாற்றங்களைச் சேமிக்கவா? சரி, இல்லை.

பக்தியாரின் மனைவி முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். வாழ்நாளில் ஒரு சன்னலுக்கும் ‘இல்லை’ சொல்லாத கிழவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ‘சரி’ அழுத்தினார்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் மறைக்கமாட்டேன். குளிரில் வந்தவள் வயிற்றில் சூடான சூப் இறங்கினதுபோல் இருந்தது. நான் உட்கார்ந்து அந்த மறைந்திருந்த வேலையை அழித்தேன், பதினேழையும் மறுபடி நீக்கினேன், மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டேன். பச்சைப் பட்டை வரவில்லை, துணி வெள்ளையாக இருந்தது. என் பெயரும் அதில் இல்லை, அவன் பெயரும் இல்லை.

அடுத்த பத்து நாளும் ஊரில் உள்ள அத்தனை கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்தேன். ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிக்கொண்டார்கள். கம்பளம் விற்கிறவள் தன் வீட்டிலிருந்து ஜாம் கொண்டுவந்தாள், வாங்கி வைத்துக்கொண்டேன், சாப்பிடவில்லை. மெதெர் தன் இன்டர்நெட் கிளப்பை மூடினான். பெண் வீட்டாரிடம் எப்படியோ காலில் விழுந்து கல்யாணம் நடந்தது, கொட்டு முழக்கம் இல்லாமல். ஒரு வருடத்தில் பையன் பிறந்தான். என்னிடம் மட்டும் மெதெர் வரவில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவான்.

அவன் வந்து சந்தை நடுவில் நின்று, ‘அந்த எழுத்து உன்னுது, நாத்தம் என்னுது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் எனக்கு.

போன வசந்தத்தில் ஓமுர்ஸாக் அக்சகால் என் கண்டெய்னருக்கு வந்தார். தடி ஊன்றி, லேப்டாப்பைக் கம்பளித் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. முந்தின குளிர்காலத்தில் பாதியாகக் கரைந்திருந்தார். நாற்காலி போட்டேன். தேநீர் கொடுத்தேன். ரொட்டியும் வைத்தேன்.

“புஸ்தகம் அச்சுக்குப் போகுது, மகளே,” என்றார். “அடுத்த வாரம்.”

“நல்லது, அக்சகால்.”

“பக்தியாருக்குக் கீழ வெறும் வெள்ளையா இருக்கு. அதுக்குக் கீழ பையனை எப்படிப் போடறது? யாரோட தொங்க விடறது?” கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “என் கையால எழுத முடியாது. ரொட்டிமேல சொன்னது. வேற யாரையும் எழுதச் சொல்லவும் முடியாது, அது என்னையே ஏமாத்திக்கறது.”

ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“ஆனா மெஷின் சில சமயம் தானாவே பழசை வச்சிருக்கும்னு சொல்றாங்க. அப்படி எங்கயாவது அதுவா வச்சிருந்தா, அது என் கை இல்ல. ஆண்டவன் வச்சதுன்னு எடுத்துக்கலாம்.” தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். “எங்கயாவது இருக்குமா, மகளே? கொஞ்சம் தேடிப் பாப்பியா?”

என் முழங்காலுக்கு எதிரே இழுப்பறை. அதில் நீல நிறப் பென் டிரைவ், அதில் அன்றைய நகல், அழிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் எடுத்தது.

“இல்ல,” என்றேன்.

“ஒரு தடவை தேடிப் பாத்துட்டுச் சொல்லேன்.”

“இல்லன்னு சொன்னேன், அக்சகால்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தான் ஒரு புதன்கிழமை சொன்னதை அடையாளம் கண்டாரா, எனக்குத் தெரியாது. பிறகு ரொட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். போகும்முன் வழக்கப்படி இரு உள்ளங்கைகளையும் மேலே விரித்து, உன் கை வேலை செழிக்கட்டும், உன் பேர் நிலைக்கட்டும் என்று என்னை வாழ்த்தினார். நானும் கையை விரித்து வாங்கிக்கொண்டேன், முகத்தில் தடவிக்கொண்டேன்.

அவர் தடிச் சத்தம் தேய்ந்த பிறகு பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். பக்தியாருக்குக் கீழே மெதெர் ஐந்து எழுத்தோடும் பத்திரமாக இருந்தான். அவன் பையனுக்கு இப்போது ஒன்றரை வயது. ஏழு வயதில் பள்ளிக்குப் போவான். ஒரு திங்கள்கிழமை எழுந்து நின்று தன் ஏழு அப்பாக்களைச் சொல்லத் தொடங்குவான், முதல் பெயரிலேயே வகுப்பில் எவனாவது ‘அப்படி ஒரு ஆளு புஸ்தகத்துல இல்லையே’ என்பான். அதற்கு இன்னும் ஐந்தரை வருடம் இருக்கிறது, புஸ்தகத்தைத் திருத்தி இன்னொரு தடவை அச்சடிக்க அது போதும். மெதெருக்கு என் கடை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பென் டிரைவைக் கழற்றி, இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.